எழுபத்திரண்டில் ஒரு பங்கு

புளோம் உண்ட் ஃபாஸ் பிவி 141 என்ற ஜெர்மன் வேவு விமானத்தின் இறக்கை, நுனிக்கு நுனி 17.45 மீட்டர். அதை 72ஆல் வகுத்தால் 24 சென்டிமீட்டர் சொச்சம். பள்ளிக்கூடப் பையில் இருக்கும் ஸ்கேலைவிடக் குட்டை. நீளம் 13.95 மீட்டர், அது 19 சென்டிமீட்டர் சொச்சமாகிவிடும். பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வந்து, வெட்டி ஒட்டி வண்ணம் பூசி அலமாரியில் நிறுத்தப்படும் மாதிரி விமானங்களில் பெரும்பங்கு இந்த 1/72 அளவில்தான் இருக்கிறது. பிவி 141 விமானங்களில் ஒன்றுகூட இன்று மிச்சமில்லை. அதைச் சுற்றிவந்து பார்க்க வேண்டுமானால் மாதிரியை விட்டால் வேறு வழி கிடையாது. பழைய, வினோதமான விமானங்களை மாதிரியாகச் செய்வோர் பலரை இழுப்பது இதுதான்.

72 என்ற எண் பிரிட்டிஷாரின் அடி, அங்குலக் கணக்கில் பிறந்தது. ஆறடி ஓர் அங்குலமாகச் சுருங்கினால் 1/72. ஆறடி ஆள் ஓர் அங்குலப் பொம்மை; கணக்குப் போடச் சுலபம். 1930களில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற மரக் கிட்டுகளை இந்த அளவில் வடிவமைத்தார். 1936இல் ‘ஃபிராக்’ நிறுவனம் பிளாஸ்டிக் கிட்டுகளைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே பறக்கும் மாதிரிகளை விற்றுவந்த அந்த நிறுவனம், பறக்காத இந்த வரிசைக்கு ‘பெங்குவின்’ என்று பெயர் சூட்டியது நல்ல குறும்பு. அவை செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. நாள்பட நெளிந்து கோணிப்போகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலிஸ்டைரீன் வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது.

இடையில் போர் இந்த அளவுக்கு ஒரு வேலையும் கொடுத்தது. வானில் தெரிவது நம்முடைய விமானமா, எதிரியுடையதா என்று வீரர்கள் கண்டறியப் பழகுவதற்காக, 50 வகை விமானங்களின் 5 லட்சம் மர மாதிரிகளைச் செய்து தரும்படி 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. அதுவும் 1/72தான். 35 அடி தள்ளித் தொங்கும் மாதிரி, ஏறக்குறைய அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானம் தெரியும் அளவுக்கே கண்ணுக்குத் தெரியும். 1/72 தவிர, ஓர் அடியைக் கால் அங்குலமாக்கும் 1/48, அதைவிடப் பெரிய 1/32, உள்ளங்கைக்குள் அடங்கும் 1/144 ஆகியவையும் புழக்கத்தில் உண்டு.

நீளத்தை 72ஆல் வகுக்கலாம். மற்றவை அப்படி வகுபடுவதில்லை. பரப்பு 72இன் இருமடி, அதாவது 5,184 மடங்கு குறையும். கன அளவும் அதனோடு எடையும் மும்மடி, 3,73,248 மடங்கு குறையும். பிவி 141இன் பிந்திய வகை, ஆளும் எரிபொருளும் ஏற்றிய நிலையில் சுமார் 5,700 கிலோ. கணக்குப்படி மாதிரி 15 கிராம்தான் இருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு பவுன் எடை. தடிமனில் இந்த முரண் இன்னும் பளிச்சென்று தெரியும். 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைச் சுருக்கினால் 0.014 மில்லிமீட்டர், அவ்வளவு மெல்லியதாகப் பிளாஸ்டிக்கை வார்க்க முடியாது. கிட்டின் 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சுவரைப் பெருக்கினால் 7.2 சென்டிமீட்டர், விமானத்துக்குப் பீரங்கி வண்டியின் கவசம் போட்டது போல. தகடுகள் சேரும் கோடு என்று மாதிரியில் கீறப்படும் 0.1 மில்லிமீட்டர் பள்ளம், நிஜத்தில் பென்சில் நுழையும் பிளவாக இருக்கும். ஆகவே மாதிரி என்பது கண்ணை நம்பவைக்கும் சித்திரம். இறக்கையின் பின்விளிம்பை உப்புத்தாளால் உட்புறமாகத் தேய்த்துக் கத்திமுனை போல ஆக்குவது அந்தச் சித்திரத்தின் முதல் பாடம்.

பெட்டியில் வரும் பாகங்கள் பெரும்பாலும் ஊசி வார்ப்பில் செய்யப்படுகின்றன. பாலிஸ்டைரீன் மணிகளை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, இரு பாதியாகச் சேரும் எஃகு அச்சுக்குள் பேரழுத்தத்தில் செலுத்துவார்கள். சில நொடிகளில் ஆறி, பாகங்கள் ஒரு சட்டத்தில் தொங்கியபடி வெளியே வரும். கனமான இடம் ஆறும்போது அதிகம் சுருங்குவதால் மேலே சிறு குழி விழும். அச்சு திறந்து பாகம் கழன்று வர வேண்டும் என்பதால் உட்குடைந்த வளைவுகளை வார்க்க முடியாது. இத்தனைக்கும் மேலே செலவு: எஃகில் அச்சு வெட்டுவதற்குத்தான் பெருந்தொகை; பிளாஸ்டிக்கின் விலை அற்பம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். ஸ்பிட்ஃபயர் போர் விமானம் விற்கும், அதனால் ஸ்பிட்ஃபயர் கிட்டுகள் சலிக்கச் சலிக்க வருகின்றன. ஒரே ஒரு விமானம் கட்டப்பட்டு, இரண்டு முறை பறந்து ஏரியில் விழுந்த ரகத்தை யார் வாங்குவார்கள்?

வாங்குவதற்குச் சில நூறு பேர் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களை நம்பிச் செக் நாட்டிலும் உக்ரைனிலும் சிறு நிறுவனங்கள் வளர்ந்தன. ஸ்பெஷல் ஹாபி, வாலோம், ஏமாடல் போன்ற பெயர்களை இந்தப் பக்கம் ஒதுங்கியவர்கள் எல்லோரும் அறிவார்கள். எஃகுக்குப் பதில் மென்மையான, மலிவான அச்சு, குறைந்த அழுத்தம். அதன் விளைவு கையில் எடுத்ததும் தெரியும். பாகத்தின் ஓரங்களில் மீன் செதிள் போலப் பிசிறு. சட்டத்தோடு சேரும் காம்பு தடியாக இருக்கும். ஒன்றோடொன்று பொருந்துவதற்கான முளையும் துளையும் இருக்காது. இறக்கையை உடலோடு வெறுமனே முட்டி ஒட்ட வேண்டியிருக்கும். அது நிற்காது என்பதால் இரண்டு பக்கமும் நுண்துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகுவார்கள்.

இன்னும் அரிய ரகங்களுக்கு வெற்றிட வார்ப்பு. சூடாக்கி இளகிய பிளாஸ்டிக் தாளை ஒரு மர வடிவத்தின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் தாள் அந்த வடிவத்தைப் பற்றிக்கொள்ளும். வாங்குபவருக்குக் கிடைப்பது மேடுகள் எழும்பிய ஒரு வெள்ளைத் தாள். பாகத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, கத்தியால் கீறி ஒடித்து, தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் பென்சில் கோடு வரும்வரை தேய்க்க வேண்டும். ஒரு தேய்ப்பு கூடினால் விமானம் ஒல்லியாகிவிடும். சின்னஞ்சிறு பாகங்களைச் சிலிக்கோன் ரப்பர் அச்சில் ரெசின் ஊற்றி எடுப்பதும் உண்டு. அந்த ரப்பர் சில டஜன் வார்ப்புகளிலேயே கிழிந்துபோகும். இப்போது ஒளியில் இறுகும் ரெசினை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி வந்துவிட்டது. 0.05 மில்லிமீட்டர் அடுக்கு என்பது நிஜ அளவில் 3.6 மில்லிமீட்டர். அச்சே தேவையில்லாததால், ஒரே ஒருவர் கேட்டாலும் அந்த விமானத்தைச் செய்துதர முடிகிறது.

பிவி 141க்குத் திரும்பினால், வினோத விமானம் மாதிரிக்காரரை எப்படிப் படுத்தும் என்பது விளங்கும். சுற்றிலும் நன்றாகப் பார்க்க வசதியுள்ள ஒற்றை இன்ஜின் வேவு விமானம் வேண்டும் என்று 1937இல் ஜெர்மன் விமான அமைச்சகம் கேட்டது. ஒற்றை இன்ஜின் என்றால் அது மூக்கில் இருக்கும். முன்னே பார்ப்பவருக்கு அதுவே மறைப்பு. ரிச்சர்ட் ஃபோக்ட் என்ற வடிவமைப்பாளர் இன்ஜினையும் வாலையும் ஒரு குழலில் வைத்து இடப்பக்கம் தள்ளினார். மூன்று பேர் உட்காரும் கண்ணாடிக் கூண்டைத் தனியாக வலப்பக்க இறக்கையில் பொருத்தினார். பார்த்தவர்கள் இது பறக்குமா என்றார்கள். 1938 பிப்ரவரியில் பறந்தது.

பறந்ததற்குக் காரணம் உண்டு. இன்ஜின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதால் அதன் இழுவிசை மூக்கை வலப்பக்கம் திருப்பும். வலச்சுற்றாகச் சுழலும் விசிறியோ, பின்னே தள்ளும் சுழல்காற்றால் மூக்கை இடப்பக்கம் திருப்பும். ஒற்றை இன்ஜின் விமானங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள தொல்லை அது. ஃபோக்ட் ஒரு கோணலைக் கொண்டு இன்னொரு கோணலைச் சரிக்கட்டினார். பிந்திய வகையில் வாலின் கிடைச்சிறகில் வலப்பாதியைக் கிட்டத்தட்ட முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். கூண்டின் பின்னால் உட்காரும் துப்பாக்கிக்காரருக்கு அது குறுக்கே நின்றது என்பதால். ஆனால் ஒப்பந்தம் போட்டியாளரான ஃபோக்கே-வுல்ஃப் எஃப்டபிள்யூ 189க்குப் போனது. அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த குர்ட் டாங்க், பிற்காலத்தில் பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனத்துக்காக மாருத் போர் விமானத்தை வடிவமைத்தவர். பிவி 141க்கு வேண்டிய பிஎம்டபிள்யூ 801 இன்ஜினும் அதே நிறுவனத்தின் எஃப்டபிள்யூ 190 போர் விமானத்துக்கே முதலில் போயிற்று.

சாதாரண விமான மாதிரியில் இறக்கை கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். பிவி 141இல் அந்தத் துணை கிடையாது. ஒற்றைச் சிறகுள்ள வால், பக்கத்துக்கொன்றாக உடல்கள், நடுவில் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத இறக்கை. எது பிசகு, எது வடிவமைப்பு என்று கண்ணால் சொல்ல முடியாது. கட்டம் போட்ட வரைபடத்தாளை மேசையில் ஒட்டி, இறக்கையை அடிப்படைக் கோடாக வைத்துக்கொண்டு, குழலும் கூண்டும் அதற்குச் செங்குத்தாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் நிற்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்து அளந்துதான் ஒட்ட வேண்டும். ஏர்ஃபிக்ஸ் 1970 வாக்கில் 1/72 அளவில் இதற்கு ஒரு கிட் போட்டது; பின்னாளில் ஹாபிபாஸ் 1/48இல் போட்டது. ஒட்டும் வேலை சுமாரானதுதான், அளவெடுப்புதான் பெரிது.

அடுத்த சோதனை அந்தக் கண்ணாடிக் கூண்டு. பாலிஸ்டைரீனை ஒட்டும் திரவம் உண்மையில் பசையே அல்ல. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இரு பாகங்களின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கலந்தபின் கரைப்பான் ஆவியாகும். காய்ந்ததும் மூட்டு பற்றவைத்தது போல ஒரே பிளாஸ்டிக். அதே கரைப்பான் ஒளிபுகும் பாகத்தில் ஒரு சொட்டு பட்டால் போதும், கண்ணாடி வெந்து மங்கிவிடும். ரெசினையும் பித்தளையையும் ஒட்ட ஃபெவிக்விக் வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் வேண்டும். அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. மழைக்காலத்தில் வேகமாகப் பிடிக்கும். அதன் ஆவி கைரேகையில் படிந்து வெண்படலமாக இறுகும் என்பதால் தடயவியல் ஆய்வுக்கூடங்கள் அதைக் கொண்டே ரேகை எடுக்கின்றன. கூண்டை அதனால் ஒட்டியவருக்கும் அந்தச் சோதனை இலவசமாக நடந்துவிடும்: மறுநாள் காலையில் கண்ணாடியின் உட்புறத்தில் அவருடைய பெருவிரல் ரேகை வரிவரியாகத் தெரியும். திறந்து துடைக்கவும் முடியாது. கண்ணாடிக்கு ஏற்றது ஃபெவிகால் வகை வெள்ளைப் பசைதான்; காய்ந்ததும் ஒளி புகும்படி ஆகிவிடும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

கூண்டின் சட்டங்களுக்கு வண்ணம் தீட்ட, ஒவ்வொரு கண்ணாடிக்கும் மெல்லிய ஜப்பானியக் காகித டேப்பை அளவாக வெட்டி மூட வேண்டும். முதலில் உட்புறச் சட்டத்தின் நிறத்தை அடித்து, அதன் மேல் வெளிநிறம் அடிப்பார்கள். டேப்பை உரித்தபின் கண்ணாடி வழியே பார்த்தால் சட்டத்துக்கு உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். நிஜ விமானத்தில் இருப்பது போலவே.

ஒவ்வொரு வினோதத்துக்கும் அதற்கே உரிய வில்லங்கம் உண்டு. இத்தாலியரான லூயிஜி ஸ்டீபா வடிவமைத்து 1932இல் பறந்த ஸ்டீபா-கப்ரோனியின் உடல் ஒரு பீப்பாய். இரு முனையும் திறந்தது. இன்ஜினும் விசிறியும் அதற்குள். குறுகும் குழாயில் காற்றின் வேகம் கூடும் என்ற பெர்னூலி விதியைப் பயன்படுத்திப் பார்த்தார். 2001இல் ஆஸ்திரேலியாவில் ஐந்தில் மூன்று பங்கு அளவில் ஒன்று கட்டிப் பறக்கவிட்டார்கள். இதை மாதிரியாகச் செய்பவருக்குப் பீப்பாயின் உட்சுவர்தான் எமன். இரண்டு பாதிகளை ஒட்டிய தழும்பு உள்ளே நீளக்கோடாகத் தெரியும். பட்டி பார்க்கவும் தேய்க்கவும் விரல் நுழையாது. குச்சி நுனியில் உப்புத்தாள் சுற்றி மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். சிலர் மெல்லிய தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தழும்பை மறைத்துவிடுவார்கள், அதுவே புத்திசாலித்தனம்.

ஜானி கப்ரோனியின் சிஏ.60 விமானத்துக்கு ஒன்பது இறக்கைகள், எட்டு இன்ஜின்கள். 100 பயணிகளை அட்லாண்டிக் கடக்கவைக்கும் கனவோடு கட்டப்பட்டு, 1921 மார்ச்சில் மஜ்ஜோரே ஏரியில் விழுந்து நொறுங்கியது. மிஞ்சிய சில பாகங்கள் ட்ரென்டோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதன் இறக்கைகளுக்கிடையே தூண்களும் இழுகம்பிகளும் காடாக நிற்கும். 4 மில்லிமீட்டர் கம்பி 1/72இல் 0.056 மில்லிமீட்டர், ஏறக்குறைய தலைமயிர். அதற்குக் கடையில் போக வேண்டியதில்லை. பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே உருட்டியபடி பிடித்து, பளபளத்துத் தொய்யும் நொடியில் வெளியே எடுத்து மெதுவாக இழுத்தால் மயிரிழையாக நீளும். இழுக்கும்போது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. மறுபடி சூடு கண்டால் பழையபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும். ஆகவே ஒட்டிய கம்பி தொய்வாக இருந்தால், எரியும் ஊதுவத்தியின் கங்கை அருகே கொண்டுபோனாலே போதும்; கம்பி தானாக விறைத்துக்கொள்ளும். தொட்டுவிட்டால் அறுந்துவிடும்.

அமெரிக்கரான சார்ல்ஸ் சிம்மர்மேன் வடிவமைத்த வாட் வி-173 தோசைக்கல் போன்றது. உடலும் இறக்கையும் ஒரே வட்டத் தட்டு. இறக்கைக்கு அடியிலுள்ள அழுத்தமான காற்று நுனியைச் சுற்றி மேலே ஏறிச் சுழலாவதால் குட்டை இறக்கைகள் திறன் இழக்கும். அந்தச் சுழலுக்கு எதிர்த்திசையில் சுற்றும்படி, ஏறக்குறைய 5 மீட்டர் விட்டமுள்ள விசிறிகளை இரு நுனியிலும் வைத்தார் சிம்மர்மேன். 1942 நவம்பர் 23 அன்று பறந்தது. இதன் மேற்பூச்சு துணி. பல கிட்டுகள் துணி விமானத்தின் இறக்கையைக் கயிற்றுக்கட்டில் போல விலாவிலாவாகத் தொய்யவிட்டிருக்கும். மேலே பசைப்பூச்சு பூசி விறைக்கவைத்த துணி அப்படித் தொய்வதில்லை. உப்புத்தாளால் பாதிக்கு மேல் தேய்த்துவிடுவது நல்லது.

நிறத்துக்கு வந்தால் வழக்கு நீளும். வி-173 பத்திரமாக இருக்கிறது. மஞ்சளும் வெள்ளியும் என்று நேரில் பார்த்துத் தீட்டலாம். அழிந்துபோனவற்றுக்குக் கறுப்பு-வெள்ளைப் புகைப்படமே சாட்சி. அந்தச் சாட்சியும் பொய் சொல்லும். முதல் உலகப் போர்க் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது. நீலத்தை மிகையாக உணரும். அதில் சிவப்பு கறுப்பாகவும் மஞ்சள் அடர்த்தியாகவும் விழும், நீலம் வெளிறிவிடும். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் வெளிவளையம் நீலம், நடுப்பொட்டு சிவப்பு. படத்தில் வளையம் வெளிறி, பொட்டு கறுத்திருந்தால் அது ஆர்த்தோ ஃபிலிம் என்று ஊகித்து, பிறகே மற்ற நிறங்களைக் கணிக்க வேண்டும்.

சிறிய மாதிரிக்கு நிறத்தைச் சற்று வெளுக்கடிக்க வேண்டும், தூரத்தில் பார்க்கும் பொருள் காற்றினால் வெளிறித் தெரியும் அல்லவா என்று ஒரு கட்சி நெடுநாளாகச் சொல்லிவருகிறது. அரை மீட்டர் தள்ளி வைத்த 1/72 மாதிரி, 36 மீட்டர் தள்ளி நிற்கும் விமானத்துக்குச் சமம். தெளிந்த நாளில் 36 மீட்டர் காற்று எந்த நிறத்தையும் வெளுத்துவிடாது. வீட்டு விளக்கு வெயிலைவிட மங்கலானது, அதனால் அடர்நிறம் இன்னும் கறுத்துத் தெரிகிறது என்பதே பொருத்தமான காரணம். வெளுக்கடிப்பதில் தப்பில்லை, சொல்லும் காரணம்தான் தப்பு.

கடைசியாக டெக்கால்: தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் சின்னங்களும் எண்களும். தாளுக்கும் படலத்துக்கும் நடுவே உள்ள பிசின் கரைந்ததும் படலம் நகரும். கரடுமுரடான பூச்சில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். ஆகவே முதலில் பளபளக்கும் வார்னிஷ், பிறகு டெக்கால், எல்லாவற்றுக்கும் மேல் மங்கலான வார்னிஷ். அரிய கிட்டுகள் மறுபதிப்பு வராது என்ற பயத்தில் வாங்கிப் பரணில் போடப்படுபவை. பல வருஷம் கழித்துப் பிரித்தால் டெக்கால் தாள் மஞ்சளித்திருக்கும். அதை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் அச்சுப் பக்கம் வெளியே பார்க்க ஒட்டி, சில நாள் விட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். முடித்த மாதிரியை மட்டும் அந்த ஜன்னலுக்கு எதிரே வைக்கக்கூடாது. பூச்சு வெளிறும், கண்ணாடிக் கூண்டு மஞ்சளிக்கும்.